கடைசி டார்பிடோ திரும்பி வந்த இரவு

1944 அக்டோபர் 25, பின்னிரவு இரண்டரை மணி வாக்கில், தைவானுக்கும் சீனக் கரைக்கும் நடுவே உள்ள ஜலசந்தியில் அமெரிக்க நீர்மூழ்கி டாங் தன் கடைசி டார்பிடோவை, அதாவது நீருக்குள் தானே ஓடிப்போய் வெடிக்கும் குண்டை, விட்டது. கிளம்பும்போது 24 இருந்தன, இது 24ஆவது. இது போய்விட்டால் கையில் ஒன்றும் இல்லை, வேலை முடிந்தது, ஊர் திரும்பலாம். போன டார்பிடோ கொஞ்ச தூரத்திலேயே இடப்பக்கம் வளைந்தது. தண்ணீர் மட்டத்துக்கு மேலே எழும்பி எழும்பி விழுந்து, ஒரு வட்டம் போட்டுக்கொண்டு, அனுப்பிய கப்பலை நோக்கியே வந்தது. விட்டதற்கும் வந்து அடித்ததற்கும் நடுவே சுமார் 20 வினாடிதான்.

அமெரிக்காவின் மிக வெற்றிகரமான நீர்மூழ்கி தன் டார்பிடோவாலேயே செத்தது என்று இந்தக் கதையைச் சொல்வார்கள், விதி என்ற ஒரு சொல்லோடு முடித்தும்விடுவார்கள். எனக்கு அது போதவில்லை. அந்த டார்பிடோ ஏன் திரும்பியது, நீருக்குள் ஒளிந்திருக்க வேண்டிய கப்பல் அந்த நேரத்தில் ஏன் மேலே இருந்தது, அதற்கு முன்பு அது மூழ்கடித்த கப்பல்களுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று மூன்று கேள்வி உண்டு. படிக்கப் படிக்க மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் தெரிகிறது. குழாயை விட்டு வெளியே போன டார்பிடோவைக் கூப்பிட்டு நிறுத்த முடியாது, எதிரில் நிற்பது யார் என்றும் அது பார்ப்பதில்லை.

சரி, முதலில் பின்னணி. ஜப்பான் ஒரு தீவு நாடு. எண்ணெய், இரும்புத் தாது, பாக்சைட், ரப்பர், அரிசி என்று போருக்கும் வயிற்றுக்கும் வேண்டிய பலதும் கப்பலில் வந்தாக வேண்டும். போர் தொடங்கியபோது அதனிடம் சுமார் 60 லட்சம் டன் சரக்குக் கப்பல்கள் இருந்தன. சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகளைப் பிடித்துவிட்டது, ஆனால் அங்கிருந்து எண்ணெயைத் தாய்நாட்டுக்குக் கொண்டுவரும் கடல்வழி மிக நீளம், அதைக் காக்கத் தேவையான சிறிய காவல் கப்பல்களோ மிகக் குறைவு. ஜப்பானியக் கடற்படையின் கவனம் முழுக்கப் பெரிய போர்க்கப்பல்கள் மோதும் ஒரே ஒரு தீர்மானமான சண்டையில் இருந்தது. சரக்குக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவலோடு அனுப்பும் முறையை அவர்கள் தாமதமாகத்தான் ஒழுங்காகப் பிடித்தார்கள். நீர்மூழ்கி ஆட்கள் அமெரிக்கக் கடற்படையில் சுமார் 2 சதவீதம்தான். ஆனால் ஜப்பான் இழந்த சரக்குக் கப்பல்களில் பாதிக்கு மேல் மூழ்கடித்தது அவர்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை 52 நீர்மூழ்கிகள், சுமார் 3,500 உயிர்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சரக்குக் கப்பலை எச்சரிக்கை இல்லாமல் தாக்கக் கூடாது, அதில் உள்ளவர்களைப் பாதுகாப்பான இடத்தில் சேர்த்த பிறகே மூழ்கடிக்கலாம் என்று 1930ஆம் ஆண்டு லண்டன் ஒப்பந்தம் சொல்கிறது, அமெரிக்காவும் அதில் கையெழுத்திட்ட நாடு. முதல் உலகப் போரில் ஜெர்மனி இதே காரியத்தைச் செய்ததைக் காரணங்களில் ஒன்றாகக் காட்டித்தான் அமெரிக்கா போரிலேயே இறங்கியது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்ட சில மணி நேரத்தில் அதெல்லாம் போயிற்று. ஜப்பானுக்கு எதிராகக் கட்டுப்பாடற்ற நீர்மூழ்கிப் போர், வான் போர் நடத்தலாம் என்று வாஷிங்டனிலிருந்து உத்தரவு வந்தது. போருக்குப் பிறகு நியூரம்பர்க்கில் ஜெர்மன் அட்மிரல் டோனிட்ஸ் விசாரிக்கப்பட்டபோது, நாங்களும் முதல் நாளிலிருந்தே அப்படித்தான் போரிட்டோம் என்று அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸ் எழுத்தில் பதில் கொடுத்தார். அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உத்தரவு என்ன செய்யும் என்பதைக் கடலில் இருந்தவர்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஓகேன். டாங்குக்கு வருவதற்கு முன்பு அவர் வாஹூ என்ற நீர்மூழ்கியில் கேப்டனுக்கு அடுத்த நிலையில் இருந்தார். அங்கே கேப்டன் டட்லி மார்ட்டன். மார்ட்டனுக்கு ஒரு வினோதமான ஏற்பாடு இருந்தது: தாக்கும் நேரத்தில் பெரிஸ்கோப்பில் கண் வைப்பவர் கேப்டன் என்பதுதான் வழக்கம், மார்ட்டனோ அதை ஓகேனிடம் கொடுத்துவிட்டுத் தான் பின்னால் நின்று மொத்த நிலைமையையும் யோசிப்பார். எதிரிக் கப்பலின் முகப்பு நம்மை நோக்கித் திரும்புவதைக் கண்ணால் பார்க்கிறவன் பதறுவான், பார்க்காதவன் நிதானமாகக் கணக்குப் போடுவான் என்பது அதன் உள்ளர்த்தம். ஓகேன் தொழில் கற்றது அந்தப் பெரிஸ்கோப்பில்தான்.

1943 ஜனவரி 26 அன்று நியூகினிக்கு வடக்கே வாஹூ ஒரு கூட்டத்தைத் தாக்கியபோது புயோ மாரு என்ற கப்பல் மூழ்கியது. பிறகு வாஹூ மேலே வந்து, தண்ணீரில் மிதந்த படகுகள் மீது சுட்டது. அவர்கள் எல்லாரும் ஜப்பானிய வீரர்கள் என்று மார்ட்டன் நினைத்தார். ஆனால் அந்தக் கப்பலில் இருந்த 1,126 பேரில் 491 பேர் இந்தியர்கள், பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்த போர்க் கைதிகள். சிங்கப்பூர் வீழ்ந்தபோது பிடிபட்டவர்களைக் கூலி வேலைக்காகத் தீவு தீவாக ஏற்றிக்கொண்டு போன காலம் அது. அன்று செத்தவர்களில் 195 பேர் இந்தியர்கள், 87 பேர் ஜப்பானியர்கள். அதாவது இறந்தவர்களில் பெரும்பகுதி அமெரிக்காவின் கூட்டாளிப் படை ஆட்கள். மார்ட்டனுக்கு இது கடைசிவரை தெரிந்ததாகத் தெரியவில்லை. அதே வருஷம் அக்டோபர் 11 அன்று, ஹொக்கைடோவுக்கு வடக்கே உள்ள லா பெரூஸ் ஜலசந்தியில், வாஹூ எல்லோரோடும் மூழ்கியது. ஓகேன் பிழைத்தது ஒரே காரணத்தால்: அதற்குள் அவரை ஒரு புதுக் கப்பலுக்குக் கேப்டனாக மாற்றியிருந்தார்கள்.

அந்தப் புதுக் கப்பல்தான் டாங். அமெரிக்க நீர்மூழ்கிகளுக்கு மீன் பெயர் வைப்பது அப்போதைய வழக்கம், டாங் என்பதும் ஒரு மீன்தான். கலிஃபோர்னியாவில் மேர் தீவுக் கடற்படைத் தளத்தில் கட்டி, 1943 அக்டோபர் 15 அன்று பணியில் சேர்த்தார்கள், வாஹூ போன நான்காவது நாள். சுமார் 95 மீட்டர் நீளம், முன்பக்கம் 6, பின்பக்கம் 4 என்று 10 டார்பிடோ குழாய்கள். மேலே ஓடினால் மணிக்கு 20 கடல்மைல், நீருக்குள் 9கூட எட்டாது. இந்த இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் பசிபிக் நீர்மூழ்கிப் போர் பாதி புரிந்துவிடும். அன்றைய நீர்மூழ்கி என்பது தேவைப்பட்டால் கொஞ்ச நேரம் மூழ்கத் தெரிந்த படகு, அவ்வளவுதான். உள்ளே போனால் டீசல் எஞ்சின் ஓடாது, பேட்டரிதான். பேட்டரி தீர்ந்தால் மேலே வந்தாக வேண்டும். உள்ளே இருந்துகொண்டு ஒரு சரக்குக் கப்பலைக்கூடத் துரத்திப் பிடிக்க முடியாது.

ஆகவே ஓகேனுக்குப் பிடித்த முறை இரவில் மேல்மட்டத்திலேயே போய் அடிப்பது. நீர்மூழ்கியின் உடல் தண்ணீரை ஒட்டித் தாழ்வாக இருப்பதால் இருட்டில் எதிரிக் கண்ணுக்கு லேசில் அகப்படாது, ரேடாரில் எதிரிக் கப்பல்களோ புள்ளி புள்ளியாகத் தெரியும். காவல் கப்பல்களின் இடைவெளியில் நுழைந்து, கூட்டத்துக்கு நடுவிலிருந்தே சுட்டுவிட்டு, முழு வேகத்தில் வெளியேறிவிடுவார். கூட்டம் எங்கே இருக்கும் என்ற விஷயத்திலும் அமெரிக்கர்களுக்கு ஒரு பெரிய உதவி இருந்தது. ஜப்பானிய சரக்குக் கப்பல்களின் ரகசியச் சங்கேதங்களை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள், எந்தக் கூட்டம் நண்பகலில் எந்த இடத்தில் இருக்கும் என்பதே பல சமயம் முன்கூட்டித் தெரிந்துவிடும்.

முதல் ரோந்து 1944 ஜனவரியில் பேர்ல் ஹார்பரிலிருந்து. பசிபிக்கில் ஜப்பானியத் தளமாக இருந்த ட்ரக் தீவைச் சுற்றியும் மரியானா தீவுகளுக்கு மேற்கேயும் சுற்றி 5 கப்பல்களை மூழ்கடித்தார்கள், விட்ட 24 டார்பிடோக்களில் 16 போய் அடித்தன. அந்தக் காலக் கணக்கில் அது அசாத்தியம். அமெரிக்க டார்பிடோக்கள் 1943 வரை படுத்திய பாட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும்: சொன்ன ஆழத்துக்குக் கீழே ஓடும், அடித்தாலும் வெடிக்காது.

இரண்டாவது ரோந்தில் டாங் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை. ஆனால் எனக்கு அதன் ஐந்து ரோந்துகளிலும் மனதுக்கு நெருக்கமானது இதுதான். ஏப்ரல் கடைசியில் அமெரிக்க விமானங்கள் ட்ரக்கைத் தாக்கியபோது, சுடப்பட்டுக் கடலில் விழும் விமானிகளைப் பொறுக்கி எடுக்கும் வேலை டாங்குக்கு. எதிரித் தீவின் பீரங்கிக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், மேல்மட்டத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. நார்த் கரோலைனா என்ற போர்க்கப்பலைச் சேர்ந்த ஜான் பர்ன்ஸ் என்ற விமானி தன் சின்ன மிதவை விமானத்தை ஆங்காங்கே கடலில் இறக்கி, தண்ணீரில் கிடந்தவர்களை ஏற்றினார். உள்ளே இடமில்லாததால் அவர்கள் இறக்கைகள் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். அந்தப் பாரத்தோடு பறக்க முடியாது, ஆகவே கடல்மட்டத்திலேயே படகு மாதிரி உருட்டிக்கொண்டு டாங்கிடம் வந்து சேர்ந்தார். இறக்கை விளிம்பில் வரிசையாக ஆட்கள் தொற்றிக்கொண்டிருக்கும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. அலையில் அடிபட்டு இனிப் பறக்காது என்றான அந்த விமானத்தை டாங் தன் துப்பாக்கியாலேயே மூழ்கடிக்க வேண்டியிருந்தது. மொத்தம் 22 பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள்.

அப்புறம் வந்தது மூன்றாவது ரோந்து. ஜூன் 24 இரவு, நாகசாகிக்குத் தெற்கே ஒரு கூட்டம். ஓகேன் இரண்டு கப்பல்களைக் குறிவைத்து 6 டார்பிடோக்களை விட்டார். வெடிச்சத்தம், நெருப்பு, இரண்டு மூழ்கிவிட்டன என்று குறித்துக்கொண்டார்கள். போருக்குப் பிறகு ஜப்பானியப் பதிவேடுகளைத் திறந்து பார்த்தால், அந்த இடத்தில் அந்த நேரத்தில் போனவை நான்கு. குறியைத் தாண்டிப் போனவை பின்வரிசையில் வந்த கப்பல்களைப் பிடித்திருக்கின்றன. கேப்டன்கள் மிகைப்படுத்திக் கணக்குக் காட்டுவது சகஜமான ஒரு போரில், குறைத்துச் சொன்ன அபூர்வமான அறிக்கை என்று இதைப் பாராட்டி எழுதுவார்கள்.

அந்த நான்கில் ஒன்றின் பெயர் தமாஹோகோ மாரு. அதில் 772 போர்க் கைதிகள் இருந்தார்கள்: ஆஸ்திரேலியர்கள், பிரிட்டிஷார், டச்சுக்காரர்கள், அமெரிக்கர்கள். ஜப்பானில் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை வாங்கக் கொண்டுபோனவர்கள். அவர்களில் 560 பேர் செத்தார்கள். பிழைத்தவர்களை நாகசாகியில் ஒரு முகாமில் அடைத்தார்கள். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 9 அன்று அந்த முகாம் மீதும் அணுகுண்டின் வீச்சு விழுந்தது.

கைதிகள் உள்ள கப்பல் என்று ஜப்பான் எந்த அடையாளமும் போடவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது இன்னொரு சரக்குக் கப்பல். கீழ்த்தளத்தில் காற்றில்லாமல், கழிப்பறை இல்லாமல், படுக்க இடமில்லாமல் அடைத்து வைத்திருந்தார்கள். உயிர் மீண்டவர்கள் அவற்றை நரகக் கப்பல்கள் என்றே அழைத்தார்கள். அந்த அடைப்பின் பழி ஏற்றியவர்கள் மேல்தான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் டாங்கின் வரலாற்றை எழுதும் பலர் இந்த நான்கு கப்பல்களை டன் கணக்கில் கூட்டிவிட்டு அடுத்த தாக்குதலுக்குப் போய்விடுகிறார்கள், அது எனக்கு ஆறவில்லை. அந்த ரோந்தில் மொத்தம் 10 கப்பல்கள், 39,000 டன்னுக்கு மேல். ஒரே ரோந்தில் இத்தனை கப்பல்களை மூழ்கடித்த அமெரிக்க நீர்மூழ்கி வேறு எதுவும் இல்லை. அந்தப் பத்துக்குள் அந்த 560 பேரும் இருக்கிறார்கள்.

நான்காவது ரோந்து ஜப்பானின் ஹொன்ஷு கரையோரம், வந்தார்கள், அடித்தார்கள், போனார்கள். செப்டம்பர் 24 அன்று ஐந்தாவதுக்குக் கிளம்பினார்கள். இந்த முறை அவர்கள் ஏற்றிக்கொண்டவை மார்க் 18 என்ற மின்சார டார்பிடோக்கள். இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும், ஏனென்றால் முடிவு இதில்தான் இருக்கிறது.

பழைய மார்க் 14 டார்பிடோ ஆல்கஹாலை எரித்து நீராவியில் ஓடும். மணிக்கு 46 கடல்மைல் வேகம். ஆனால் பின்னால் வெள்ளையாகக் குமிழிக்கோடு விட்டுக்கொண்டே போகும், பகலில் கப்பலிலிருந்து பார்த்துத் திரும்பிக்கொள்ளலாம், அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே நீர்மூழ்கி எங்கே இருக்கிறது என்றும் கண்டுபிடிக்கலாம். மார்க் 18 என்பது கைப்பற்றிய ஜெர்மன் டார்பிடோவைப் பார்த்துச் செய்தது. பேட்டரியில் ஓடும், கோடு விடாது, ஆனால் வேகம் 29 கடல்மைல்தான். இரண்டிலும் திசையைக் காப்பது உள்ளே சுழலும் ஒரு கைரோ சக்கரம். டார்பிடோ கொஞ்சம் விலகினால் கைரோ சுக்கானைத் தட்டிச் சரிசெய்யும். அந்தச் சுக்கான் ஒரு பக்கமாகத் திரும்பி அப்படியே சிக்கிக்கொண்டால் சரிசெய்ய ஆளில்லை, டார்பிடோ வட்டம்தான் போடும். வட்டத்தின் தொடக்கப் புள்ளியில் யார் இருக்கிறார்கள்? விட்ட கப்பல். இப்படி வட்டம் போடத் தொடங்கினால் தானாகச் செயலிழக்கச் செய்யும் அமைப்பு மார்க் 14லும் இல்லை, மார்க் 18லும் இல்லை. அதே 1944 மார்ச்சில், பலாவு தீவுகளுக்கு வடக்கே, டல்லிபீ என்ற நீர்மூழ்கி தன் டார்பிடோ திரும்பி வந்து மூழ்கியது. ஒரே ஒருவர்தான் பிழைத்தார், அவரும் ஜப்பானியர் கையில் கைதி. ஆகவே அந்தப் பாடம் உரிய காலத்தில் ஊருக்கு வந்து சேரவில்லை.

அக்டோபர் 23இலிருந்து மூன்று நாள் தைவான் ஜலசந்தியில் டாங் வெறியாட்டம் ஆடியது. பிலிப்பைன்ஸில் லெய்ட்டே சண்டை நடந்துகொண்டிருந்த நேரம், ஜப்பான் அங்கே அனுப்பிய படையும் விமானங்களும் எண்ணெயும் இந்த வழியாகத்தான் போயின. 24ஆம் தேதி இரவுக் கூட்டத்தில் 22 டார்பிடோக்கள் தீர்ந்தபோது, அடிபட்டு நின்றுபோன ஒரு படைக்கப்பல் மட்டும் மிச்சம். இரண்டு டார்பிடோக்கள் கையில். ஓகேன் அவசரப்படவில்லை. விலகி நின்று, அரை மணி நேரம் எடுத்து, இரண்டையும் சோதித்த பிறகே குழாயில் ஏற்றச் சொன்னார். 23ஆவது நேராகப் போயிற்று. 24ஆவது திரும்பியது.

கோபுரத்தின் மேலுள்ள கட்டளை மேடையில் நின்ற ஓகேன் முழு வேகம் கேட்டார், கப்பலின் வாலை வட்டத்துக்கு வெளியே வீசிவிடத் திருப்பச் சொன்னார். 20 வினாடியில் அத்தனை பெரிய உடல் எவ்வளவு நகரும்? பின்பக்க டார்பிடோ அறை அருகே அடித்தது. மூடியை அடைக்கக்கூட நேரமில்லாமல் கப்பல் வாலில் நின்றபடி இறங்கியது. அந்த மேடையில் நின்ற ஒன்பது பேரைக் கடல் அடித்துக்கொண்டு போனது, விடியும்வரை நீந்தித் தாக்குப்பிடித்தவர்கள் ஓகேனையும் சேர்த்து மூன்று பேர். மேல்கோபுரத்துக்குள் மாட்டிக்கொண்ட ஓர் அதிகாரி கொஞ்சம் காற்று தேங்கிய மூலையில் மூச்சு எடுத்து, ஒரு கருவியும் இல்லாமல் மேலே வந்து, தன் கால்சட்டையைக் கழற்றிக் காற்றூதி மிதவையாக வைத்துக்கொண்டார்.

உள்ளே உயிரோடு இருந்தவர்கள் கப்பலைச் சமனாக்கி 180 அடி ஆழத்தில் தரையில் படிய வைத்தார்கள். ரகசிய ஏடுகளை எரித்தார்கள். மேலே ஜப்பானியக் காவல் படகுகள் ஆழ்வெடிகளைப் போட்டுக்கொண்டிருந்தன. சுமார் 30 பேர் முன்பக்க டார்பிடோ அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கேதான் தப்பும் கூண்டு. நாலைந்து பேர் நிற்கும் அளவு சின்ன அறை, கீழ்க்கதவை அடைத்து, கடல்நீரை விட்டு, உள் அழுத்தமும் வெளி அழுத்தமும் சமமான பிறகு பக்கக்கதவைத் திறந்து, மேலே மிதவைக்குப் போகும் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். 180 அடியில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதைப் போல ஆறரை மடங்கு. மார்பில் கட்டியிருந்தது மாம்சன் நுரையீரல் என்ற ரப்பர் பை, விடும் மூச்சிலுள்ள கரியமில வாயுவைச் சோடா சுண்ணாம்பு உறிஞ்சிக்கொள்ளும். மெதுவாக ஏற வேண்டும், மூச்சை அடக்கவே கூடாது, அடக்கினால் ஏற ஏற விரியும் காற்று நுரையீரலைக் கிழித்துவிடும். புகையில் இருமிக்கொண்டு, இருட்டில், முதல் தடவையாக இதை நிஜத்தில் செய்ய வேண்டும். பக்கத்துப் பேட்டரி அறையில் தீ. கடைசியாக ஒருவர் வெளியேறும்போது, தடுப்புச் சுவரில் பெயிண்ட் உருகி வழிந்துகொண்டிருந்தது. 13 பேர் கூண்டை விட்டு வெளியே போனார்கள். காலையில் மிஞ்சியவர்கள் 5 பேர். மூழ்கிய அமெரிக்க நீர்மூழ்கியிலிருந்து மேலிருந்து யார் உதவியும் இல்லாமல் அந்தக் கருவியால் தப்பியவர்கள் அவர்கள்தான். மொத்தம் 87 பேரில் 78 பேர் போனார்கள்.

அந்த ஒன்பது பேரையும் காலையில் ஒரு ஜப்பானியக் காவல் கப்பல் எடுத்தது. அதே கப்பலில், முந்தின இரவு டாங் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து எடுக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், தீக்காயத்தோடும் சிதைந்த உடம்போடும். அவர்கள் இவர்களை அடித்தார்கள், உதைத்தார்கள். பிறகு ஒஃபுனா என்ற விசாரணை முகாம். அங்கே இருந்தவர்களின் பெயர்களை ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்திடம் கொடுக்கவில்லை, ஆகவே 87 வீடுகளுக்கும் ஒரே செய்திதான் போயிற்று: காணவில்லை. ஒன்பது பேரும் போர் முடியும்வரை உயிரோடு இருந்து விடுதலையானார்கள். 1946 மார்ச்சில் ஜனாதிபதி ட்ரூமன் ஓகேனுக்கு நாட்டின் உயரிய வீரப்பதக்கத்தை அணிவித்தார். கணக்குகளைத் திரும்பச் சரிபார்த்து 1980இல் டாங்கின் பெயரில் எழுதிய எண் 33 கப்பல்கள், 1,16,454 டன்.

ஐந்தாவது ரோந்தின் அறிக்கையை ஓகேன் விடுதலைக்குப் பிறகுதான் எழுதினார். எல்லா ரோந்து அறிக்கைகளையும் போல நேரம், திசை, தூரம், டார்பிடோ எண்ணிக்கை என்று போகிறது. காவல் கப்பலில் வாங்கிய அடியைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். தங்களை அடிப்பவர்கள் தங்கள் கைவேலையிலேயே வெந்து சிதைந்து பிழைத்தவர்கள் என்று புரிந்தபோது, அந்த அடியை அவ்வளவு கசப்பில்லாமல் வாங்கிக்கொள்ள முடிந்தது என்கிறார்.